தொட்டிக்கு நைட் ஷிஃப்ட்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிது. படுக்கையறைக் கட்டில் தாழ்வு என்பதால் ஹாலில் உயரமான கட்டில் ஒன்றைப் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே என் கடல் தொட்டி.

"யாரோ கண்ணாடிய சுண்டிகினு இருக்காங்கடி" என்றாள்.

"ஃபில்டர் சத்தமா இருக்கும்மா."

"ஃபில்டர் சத்தம் எனக்குத் தெரியாதா? அது கொர்ருனு கேக்கும். இது டிக்குனு கேக்குது."

நின்று கேட்டேன். கொர் மட்டும்தான் கேட்டது. நான் குளிக்கப் போன பிறகு "இப்ப, இப்ப கேளு!" என்று கூப்பிட்டாள். சோப்புக் கையோடு ஓடி வந்தால் மறுபடியும் கொர்.

கடல் தொட்டி வைக்க நெய்வேலி பொருத்தமான ஊர் இல்லை. கோடை வெயிலில் தண்ணீர் தானாகவே சூடேறும். ஜன்னலைத் திறந்து வைத்தால் தூசி வந்து படியும். உப்புத் தூள் கூரியரில் வர வேண்டும். ஆனால் வேறு எந்த ஊருக்கும் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். பவளமும் கடல் மீனும் இருக்கும் தொட்டியில் பம்பு சில மணி நேரம் நின்றால் எல்லாம் செத்துவிடும். மின்சாரம் தயாரிக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தப் பயம் வேண்டாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். மின் நிலையத்தின் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை என்பதால் உப்பு, காரம், சுண்ணாம்பு அளவெல்லாம் எனக்குப் பழக்கம். அப்பா ரிட்டயர் ஆகிக் காலி செய்த பிறகு என் பெயரில் கிடைத்த குவார்ட்டர்ஸ் இது. ஹாலில் பாதி இடத்தைத் தொட்டிக்குக் கொடுத்ததை அப்பா இன்னும் சொல்லிக்காட்டுவார்.

பிரச்சினை பாறையோடு வந்தது. கடலிலிருந்து பவளப் பாறையை எடுப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். அதனால் என்னைப் போன்றவர்கள் செயற்கையாகச் செய்த பாறையை வாங்கிப் போட்டு, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறும்வரை மாதக்கணக்கில் காத்திருப்போம். வேறொருவர் தொட்டியில் ஏற்கெனவே ஊறிய பாறை கிடைத்தால் காத்திருக்க வேண்டாம். சென்னையில் ஒருவர் வேலை மாற்றலாகித் தொட்டியைக் கலைப்பதாகத் தெரிந்தது. போய் வாங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டு வந்தேன். பண்ருட்டி தாண்டியதும் கண்டக்டர் வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, கருவாடா?"

"கல்லுங்க."

"கல்லுக்கா இந்த நாத்தம்?"

பின்பக்க வராண்டாவில் உப்புநீர் வாளியில் பாறையைச் சில வாரங்கள் தனியாக வைத்தேன். அது ஒழுங்கான முறை. பாறையின் ஓட்டைகளில் டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்தவர்கள் யார் யார் என்று பார்த்துக் கணக்குத் தீர்க்காமல் தொட்டியில் வைக்கக்கூடாது. எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் நிம்மதி. முதலாவது, கம்பளிப்புழு போல முடியுள்ள கடல் புழுக்கள். கையில் பட்டால் முள் ஏறும், ஆனால் மிச்சச் சாப்பாட்டைத் தின்று சுத்தம் செய்யும். அவை இருக்கலாம். இரண்டாவது, கண்ணாடிப் பூ மாதிரி குட்டி அனிமோன்கள். அழகாக இருக்கும், தொட்டி முழுக்கப் பரவிப் பவளங்களைச் சுட்டுவிடும். வாசனை சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். சுருண்டு போயின. மூன்றாவது, மயிர்க் காலுள்ள ஒரு நண்டு. ஒரு டம்ளரில் இறால் துண்டு போட்டுச் சாய்த்து வைத்தேன். சாப்பிட இறங்கிய நண்டால் வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியவில்லை. அதைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் பெட்டிக்கு மாற்றினேன்.

"கல்லு வாங்கியாறேன்னு போயி ஒரு பட்டாளத்தையே கூட்டியாந்திருக்கா" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். அது ஆபரேஷனுக்கு முன்னால். அப்போது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எல்லாம் தீர்ந்தது என்று முடிவு செய்து பாறையைத் தொட்டியில் வைத்தேன். அதன் பிறகுதான் இந்த டிக்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் அங்கே உண்டு. அப்பா அவர்களில் ஒருவர். ஒருநாள் மாலை அவர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. உடனே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தொட்டியின் முன் குந்தினார். அலை உண்டாக்கும் பம்பின் பக்கமாகக் கண்ணாடியில் முனையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"பேரிங் போயிடுச்சு."

"இதுல பேரிங்கே கிடையாதுப்பா. உள்ள காந்தம்தான் சுத்துது."

"சுத்துற எதுக்கும் பேரிங் உண்டு. நீ கெமிஸ்ட்ரி."

வாயால் மறுத்தேனே தவிர, நானும் அவர் கட்சிதான். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் என்றால் முதலில் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். சைரன், பெல்ட், கம்பெனி பஸ், கூலிங் டவர் இரைச்சல் எல்லாம் கேட்டு வளர்ந்த காது. ஒரு உயிர் அந்தச் சத்தத்தைப் போடலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார் அப்பா. பிளான்ட்டில் யாராவது உள்ளே வேலை செய்யும்போது வேறு யாரும் ஸ்விட்சைப் போட்டுவிடாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். வீட்டில் ஃபேன் துடைத்தாலும் அப்பாவுக்கு அட்டை வேண்டும். பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். அன்று முழுக்கத் தொட்டி அமைதியாக இருந்தது. அப்பா டீயை உறிஞ்சியபடி, "கேக்குதா? கேக்காது" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, மறுபடியும் பேரிங் போயிடுச்சு பாருங்க!"

அப்போது சிரித்துவிட்டோம். அந்த வாரமே மஞ்சள் மீன் காணாமல் போனது. சிரிப்பும் நின்றது.

அது கோபி என்கிற வகை. விரல் நீளம்தான் இருக்கும். மணலில் தாடையை ஊன்றிக்கொண்டு, பிதுங்கிய கண்ணால் வெளியே பார்த்தபடி இருக்கும். தொட்டியில் அதைவிட அழகான மீன்கள் உண்டு. அம்மாவுக்கு அதைத்தான் பிடித்தது. ஆபரேஷன் முடிந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு மடக்கவே முடியாது என்றார். கட்டிலிலிருந்து தொட்டி வரைக்கும், திரும்பக் கட்டிலுக்கும். அம்மாவுக்கு அந்த வலியை விட அந்த நடையின் அர்த்தமின்மைதான் எரிச்சல். எங்கேயும் போகாமல் எதற்கு நடப்பது? மஞ்சள் மீன் அதற்கு ஒரு காரணம் கொடுத்தது. அம்மாவின் நிழல் கண்ணாடியில் விழுந்ததும் அது மணலிலிருந்து எழும்பி வரும். "வந்துட்டேன், வந்துட்டேன், அவசரப்படாத" என்று அதோடு பேசிக்கொண்டே அம்மா வாக்கரைத் தள்ளுவாள். சாப்பாட்டு உருண்டையை அவளே போடுவாள்.

மீன் காணாமல் போன பிறகு கட்டிலில் இருந்தபடியே கேட்பாள். "வந்துச்சா?"

"இல்லம்மா."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று காலை நீட்டிவிடுவாள். வாக்கர் சுவரோரம் நின்றது. கேட்டால் முட்டி வலிக்குது என்பாள். பிசியோதெரபிப் பெண் வந்து மூட்டை மடக்கிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வாரம் இதைவிட நல்லா மடங்குச்சு" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கணக்குப் போட்டேன். டிக் சத்தம் புதுப் பாறையின் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பாசி தின்ன நான் விட்டிருந்த நத்தைகளின் கூடுகள் சில காலியாகக் கிடக்கின்றன. மீன் இல்லை. மூன்றையும் கூட்டினால் எனக்குக் கிடைத்த விடை மான்டிஸ் இறால். கும்பிடுபூச்சி போல முன்கையை மடக்கி வைத்திருக்கும் கடல் பிராணி. அந்தக் கையால் குத்தி நத்தை ஓட்டை உடைக்கும், மீனைக் கொல்லும். பெரியதாக வளர்ந்தால் தொட்டிக் கண்ணாடியையே விரியச் செய்யும் என்றும் படித்திருந்தேன். பாறை ஓட்டைக்குள் ஒளிந்து வருவதில் அது பேர்போனது. வாளியில் வைத்திருந்தபோது என் கண்ணில் படாமல் தப்பியிருக்க வேண்டும்.

"அப்ப ஷட்டவுன்தான்" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை ஃபுல் ஓவர்ஹால். கல்ல எடுத்து கொதிக்கிற தண்ணில போட்டுருவோம்."

"கொதிக்க வைக்கவே கூடாதுப்பா. இதுல ஒட்டியிருக்கிற சில பவளத்துல விஷம் இருக்கு. ஆவியில வந்தா நமக்கு ஆபத்து. நல்ல தண்ணி வாளியில முக்கி வச்சா போதும். உப்பு இல்லாத தண்ணில எதுவும் பிழைக்காது."

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எதுவும்னா?"

"ஓட்டைக்குள்ள இருக்கிற எதுவும்."

"மஞ்சக் குட்டியும் அதுக்குள்ள இருந்தா?"

"அது செத்துருக்கும்மா. இத்தனை நாள் சாப்பாடு இல்லாம…"

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பொணத்தையே பாக்காம காரியம் பண்ண நிக்கறீங்களே அப்பனும் மகளும்!"

அவள் சொன்னது தர்க்கப்படியும் சரிதான். இறந்ததற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், காணவில்லை என்பது. உள்ளே உயிரோடு ஒளிந்திருந்தால் நானே கொன்றவளாவேன். பாறையைச் சும்மா தூக்கினாலும் அடியில் இருக்கும் மணல் சரிந்து நசுக்கும். தூக்காமல் விட்டால், உள்ளே இருப்பது மான்டிஸாக இருந்தால், மீதி மீன்களும் ஒவ்வொன்றாகப் போகும்.

"உள்ள இருக்கிறது இருட்டுலதான் வெளிய வரும்மா. நான் விளக்கு அணைஞ்சதும் பாத்துகிட்டுதான் இருக்கேன். காலையில பஸ்ஸுக்குப் போகணும், எவ்வளவு நேரம் முழிச்சிருப்பேன்?"

"அதுக்கு ராத்திரிய பகல்ல கொண்டாந்துடு" என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு எத்தன வருஷம் நான் பகல்ல ராத்திரி பண்ணிக் குடுத்தேன்? மீனுக்குப் பண்ண முடியாதா?"

அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அதானே. ஷிஃப்ட்ட மாத்துவோம்."

நைட் ஷிஃப்ட் ஆள் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு எங்கள் ஊரில் ஒரு தனிக் கலை தெரியும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை எப்படி மடித்துத் தைத்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியாது, காலிங் பெல்லை எப்போது அணைப்பது, கேட் தாழ்ப்பாள் கணகணவென்று அடிக்காமல் இருக்க எந்த இடத்தில் பழந்துணி சுற்றுவது. அப்பா ரிட்டயர் ஆனதும் அம்மா அந்தத் துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு இன்னும் நைட் ஷிஃப்ட் வருகிறது. அக்காவிடம் ஒரு ஜோடி உபரி இருந்தது, எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்த ரூமுக்குங்க?" என்று கேட்டார்.

"மீனுக்கும்மா" என்றார் அப்பா.

அக்கா துணியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீனு பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

ஓவர்ஹாலை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினோம். அந்த வாரம் தொட்டி விளக்கின் டைமரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரேயடியாக மாற்றினால் பவளங்கள் வாடும். கடைசியில் தொட்டிக்கு இரவில் பகல், பகலில் இரவு. ராத்திரி முழுக்க ஹாலில் நீல வெளிச்சம். அம்மா ஈரிழைத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். "உங்கப்பா வெயில்ல தூங்கலியா? எனக்கென்ன" என்றாள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஜன்னல்களை மூடினோம். வெளியே வெயில் அடித்தது, உள்ளே கும்மிருட்டு. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தேன். கடல் பிராணிகள் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. நானும் அப்பாவும் தரையில். அம்மா கட்டிலில்.

பின்கதவு வழியாக அக்கா வந்தார். இருட்டில் தடவியபடி பழக்கத்தில் ஸ்விட்ச் போர்டுக்குக் கை போயிருக்கிறது. நான் பயந்து எழுந்திருப்பதற்குள் அவர் கை நின்றுவிட்டது. "அண்ணே, இதுல அட்டை தொங்குது" என்று கிசுகிசுத்தார். எழுதியதைப் படிக்க வெளிச்சம் இல்லை. ஸ்விட்சில் அட்டை தொங்கினால் தொடக்கூடாது என்பது இந்த ஊரில் யாருக்கும் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

"பாத்தீங்களா? அட்டைக்கு சிரிச்சீங்களே" என்றார் அப்பா.

"சும்மா இருங்க, அது ஓடிடப்போவுது" என்றாள் அம்மா.

டிக்.

இந்த முறை எல்லோரும் கேட்டோம். பாறையின் அடியில் மணல் அசைந்தது. புல்டோசர் போல மணலை முன்னால் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று வெளியே வந்தது, கொட்டியது, பின்வாங்கியது. மறுபடி வந்தது. டார்ச்சை மெல்ல நகர்த்தினேன். முதலில் நீண்ட மீசைகள். பிறகு ஒரு இடுக்கிக் கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, மிகச் சிறியது.

மான்டிஸுக்குக் கண்கள் காம்பின் மேல் நிற்கும், இந்த மாதிரி இடுக்கி இருக்காது. ஒரு கை பெருத்து, ஒரு கை சிறுத்து இருந்தால் அது பிஸ்டல் இறால். அந்தப் பெரிய இடுக்கியைச் சொடுக்கித்தான் அது சத்தம் போடும். அவ்வளவு சத்தத்துக்கும் சொந்தக்காரன் என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை.

"என்னடி, சொல்லு."

"கொலகாரன் இல்லம்மா. வேற ஆளு."

"அப்ப மஞ்சக் குட்டி?"

படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதை நம்பி வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "லைட்ட போடறேன். தொட்டிக்கு விடியட்டும்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தன் கையாலேயே அட்டையை அவிழ்த்தார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் விதி. விளக்கு எடுத்தவுடன் முழுதாக எரியாது. முதலில் மங்கலான நீலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். இறால் பின்வாங்கிப் போய்விட்டது. குழி வெறுமையாக இருந்தது.

பிறகு குழி வாசலில் ஒரு தாடை ஊன்றியது. பிதுங்கிய இரண்டு கண்கள். மஞ்சள்.

கொஞ்சம் இளைத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அதன் பின்னால் இறால் மணலைச் சுமந்து வந்தது. அதன் ஒரு மீசை மீனின் வாலைத் தொட்டபடியே இருந்தது. இறாலுக்குக் கண் பார்வை மந்தம். அது குழி தோண்டும், மீன் வாசலில் காவல் இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். எல்லா பிஸ்டல் இறாலும் இப்படிச் சேராது. சென்னையிலிருந்து என் மடியில் வந்த இது சேர்ந்துவிட்டது. இத்தனை நாள் வாசலைப் பாறையின் பின்பக்கம் வைத்திருந்தன போல, எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் பம்பைக் கழற்றிக் கலவரம் செய்ததில் மீன் பயந்துபோய் உள்ளே நுழைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே ஒரு வீடு கட்டுகிற ஆள் இருந்திருக்கிறது.

"அதத்தானே நான் சொன்னேன்" என்று அம்மாவின் குரல் என் தலைக்கு மேலே கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். என் தோளில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு கனத்தையும் நான் அதுவரை உணரவில்லை.

"வாக்கர் எங்க?" என்று அப்பா பதறினார்.

"எந்த வாக்கர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிச் சுவரோரம் பார்த்தாள். பார்த்த பிறகுதான் முட்டி வலித்தது. "ஐயோ, புடிங்க, புடிங்க!" அக்காவும் அப்பாவுமாக அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அக்கா சிரித்ததில் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் விழித்துக்கொண்டு சுவரைத் தட்டினார்.

ஓவர்ஹால் ரத்து. டைமரைப் பழையபடி திருப்பிக் கொண்டுவர இன்னொரு வாரம் ஆனது. இறால் பாறைக்கு அடியில் தோண்டுவதால் பாறை சரியாமல் இருக்க ஓரத்தில் இரண்டு கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன். நத்தைக் கூடுகள் எப்படிக் காலியாயின என்று இன்னும் தெரியவில்லை. இடது மூலையில் கண்ணாடிப் பூ ஒன்று மறுபடி முளைத்திருக்கிறது, சிரிஞ்சை எடுக்க வேண்டும். இவை எல்லாம் என் வரிசையில் இருக்கின்றன. தூக்கத்தைக் கெடுக்கும் இடத்தில் இல்லை.

அம்மா இப்போது இரண்டு உருண்டை போடுகிறாள், ஒன்று உள்ளே இருப்பவருக்கு. தண்ணீர் கெடும் என்று சொன்னேன். "நீதான் தண்ணி டெஸ்ட் பண்ற ஆளாச்சே, பண்ணு" என்றாள். மூட்டு நன்றாக மடங்குகிறது. வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறியாகிவிட்டது.

நேற்று நான் ஆய்வகத்தில் இருக்கும்போது போன் வந்தது. மாதிரி பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இரு, கேளு" என்றாள் அம்மா. போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கொர் என்று மட்டும் கேட்டது. பின்னால் அப்பாவின் குரல், "அங்க வைக்காத, பாறை பக்கமா வை." ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம். மறுபடியும் கொர்.

"கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டு, போனைக் காதில் வைத்துக் காத்திருந்தேன்.

டிக்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.